பாலுவின் இடது கன்னம்

என் மகன் தன் கன்னத்தில் குத்திக்கொண்டிருந்தான். நான் எதிர்ச் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

மகன் என்றது பாதி உண்மை. எதிரே சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஒரு பொம்மை. பெயர் பாலு. ஐந்து வயதுப் பையனின் உயரம், ரப்பர் தோல், உள்ளே மோட்டார்கள். முகத்தை மட்டும் யாருடையதாகவும் இல்லாமல் செய்திருந்தார்கள். ஆனால் அது கையை வீசுவது, கண்ணை ஓரமாக ஓட்டுவது, பதில் சொல்லும் முன் ஒருமுறை தோளைத் தூக்குவது எல்லாம் என் செந்தூரனுடையவை. ஒரு தாய்க்கு இதற்கு மேல் முகம் வேறு வேண்டுமா என்ன?

பாலு இடது தாடைமேல் மறுபடியும் குத்தியது. பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. கை தானாகக் கீழே இறங்கிய பிறகு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். இதற்குப் பாடத்தில் கண்டுகொள்ளாமை என்று பெயர். நான் சுவிட்சைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த குத்தில் என் கை தானாகப் போய் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

சுவரில் இருந்த திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'தவறு. கவனம் கொடுக்கப்பட்டது. தேர்ச்சி இல்லை.'

"தாரணி, வெளிய வாங்க" என்றது ஒலிபெருக்கியில் பிரமிளா மேடத்தின் குரல். கோபம் இல்லாத குரல். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிரமிளா அந்தப் பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்சியாளர். சரவணம்பட்டியில் பெரிய கண்ணாடிக் கட்டடம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க யாராக இருந்தாலும், ஆசிரியரோ அம்மாவோ, பாலுவிடம் பயின்று தேறிய சான்றிதழ் வேண்டும் என்று சட்டமாகிவிட்ட காலம். நிஜக் குழந்தைகள்மேல் கற்றுக்குட்டிகள் கைவைத்துப் பழகக் கூடாது என்பது நியாயம்தான். எல்லா ஊர் மையங்களிலும் ஒரு பாலு உட்கார்ந்திருந்தான். எல்லாப் பாலுவும் செந்தூரன்.

"இது ரெண்டாவது தடவை தாரணி. இன்னும் ஒரு வாய்ப்புத்தான் இருக்குது" என்றார் பிரமிளா. "மத்ததெல்லாம் நல்லாப் பண்றீங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் ஏன் இப்படி?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதாங்க மேடம்?"

அவருக்குத் தெரியும். மற்றப் பயிற்சியாளர்களுக்குத் தெரியாது. செந்தூரனுக்கு நான்கு வயதானபோது, வகுப்பறையில் கேமரா வைக்கச் சம்மதித்தால் இலவசமாகச் சொல்லித்தருகிறோம் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அந்த வீடியோக்களை வைத்துத்தான் பாலுவைச் செய்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு முன் தண்ணீர் வேண்டுமென்றால் அவன் ஃபிரிட்ஜ் கதவில் தலையை மோதுவான். இவர்கள்தான் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து ஒருவர் கையில் கொடுக்கப் பழக்கினார்கள். முதல்முறை அந்த அட்டையை என் உள்ளங்கையில் வைத்த நாளில் நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பிரமிளா மேடத்துக்கு அன்று மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

ஆனால் அடுத்த வருடம் இந்தக் குத்து ஆரம்பித்தது. இப்போது ஏழு வயது. கையில் பலம் வந்துவிட்டது. இடது கன்னம் எப்போதும் கன்றிப்போய் இருக்கிறது.

"அவனை விடுதியில சேர்க்கிற தேதி மாறாதுங்களா?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சான்றிதழ் கிடைச்சா வீட்டுலயே வெச்சுப் பார்க்கலாம். இல்லைன்னா விடுதிதான். எனக்கும் அது பிடிக்கலைங்க. ஆனா அவனோட பாதுகாப்பு இருக்குது பாருங்க."

விடுதியில் முழங்கை மடங்காத உறை மாட்டுவார்கள். மடங்காத கையால் குத்த முடியாது. சோறும் எடுத்து உண்ண முடியாது, அட்டையும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆக, என் மகனை வீட்டில் வைத்துக்கொள்ள நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் குத்திக்கொள்ளும்போது பார்க்காமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது பூபதி, என் கணவர், இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பம்ப் கம்பெனியில் வேலை. நான் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏம்புள்ள, ஒரு அஞ்சு நிமிசம் அந்தப் பொம்மையப் பார்க்காம இருக்க முடியாதா உன்னால?"

"உங்களால முடியுமா மாமா?"

"பொம்மைதானே. பார்க்காம இருக்கறதுக்கென்ன?"

பேசி முடிக்கவில்லை, உள்ளறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. டிபன் பாக்ஸைப் போட்டுவிட்டு அவர்தான் முதலில் ஓடினார். செந்தூரன் கட்டிலோரம் உட்கார்ந்து இடது தாடையில் குத்திக்கொண்டிருந்தான். அவர் தன் உள்ளங்கையை அவன் கன்னத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே வைத்தார். இரண்டு குத்து அவர் கையில் விழுந்தது. பிறகு பிள்ளை அந்தக் கையின்மேல் அப்படியே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான். பூபதி என்னைப் பார்க்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்றும் சொல்லவில்லை.

நான் பையிலிருந்து சீப்பை எடுத்து அதன் பற்களை நகத்தால் தடவினேன். கர்ர்ர் என்ற அந்தச் சத்தம் செந்தூரனுக்கு உயிர். தலையைத் திருப்பிச் சிரித்தான். சிரிக்கும்போதும் வாயை முழுக்கத் திறக்க மாட்டான். அது அவன் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு முன் பயிற்சி அறையில் பாலுவோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் காலையிலேயே போய்விட்டேன். பாலுவுக்குச் சரியான பதிலுக்கு ஒரு பரிசு தர வேண்டும். செந்தூரனுக்குக் கொடுத்தது கடலை மிட்டாய்த் துண்டு. அதை விட்டால் அவன் வேறு எதற்கும் உட்கார மாட்டான் என்று அப்போதே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பாலுவுக்கு அதே அளவில் ரப்பர் துண்டுகள், நீல டப்பாவில் இருக்கும். வாயில் வைத்தால் மெல்லும். பிறகு துண்டுகள் நாற்காலிக்கு அடியில் ஒரு தட்டில் விழும்.

அன்று நீல டப்பா காலி. பொம்மைகளைப் பராமரிக்கிற எட்வின் துண்டுகளைக் கழுவிக் காயவைக்க எடுத்துப் போயிருந்தார். காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் அம்மா சொல்லுவாள், இட்லி வெந்துவிட்டதா என்று பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஜாதி நான் என்று. மிட்டாய்க்குப் பதிலாகச் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பாலு, பந்தைக் காட்டு."

காட்டியது. கர்ர்ர். தலையைத் திருப்பி, கண்ணை ஓரமாக்கிச் சிரித்தது. பூனை, சாவி, செருப்பு, சிவப்பு, பெரியது, சின்னது. எல்லாப் பதிலுக்கும் சீப்புச் சத்தம்தான். நானும் குத்துக்காகக் காத்திருந்தேன். கண்டுகொள்ளாமல் இருந்து பழக அல்லவா வந்தேன்? குத்து வரவில்லை. பாட அட்டைகள் தீர்ந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதும் வரவில்லை.

பொம்மை பழுதாகிவிட்டது என்று எட்வினைக் கூப்பிட்டேன். கையில் ஈர ரப்பர் துண்டுகளோடு வந்து, பாலுவின் முதுகைத் திறந்து பார்த்தார்.

"ஒரு பழுதும் இல்லைங்க்கா. நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் ஏன் குத்திக்கலை?"

"குத்திக்கலைன்னா சந்தோசப்படுங்க. இடது கன்னத் தோல மட்டும் மாத்தி மாத்தி எனக்குச் சலிச்சுப் போச்சு."

அவர் டப்பாவில் துண்டுகளைப் போட்டார். நான் வழக்கமான முறையில் செய்து பார்த்தேன். கேள்வி, பதில், மிட்டாய். கேள்வி, பதில், மிட்டாய். சற்று நேரம் போனது. பூனையைக் காட்டு என்று நான் கேட்டதும் குத்து விழுந்தது. கேட்டவுடன் விழுந்ததால், பாடம் கேட்டதற்குத்தான் குத்துகிறது என்று யாருக்கும் தோன்றும். செந்தூரனைப் பற்றி மையம் எழுதிய அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. கேள்வி கேட்டால் குத்துகிறான். குத்தினால் ஆள் வருகிறது. ஆகவே கவனம் தேடும் நடத்தை.

என்னால் உட்கார முடியவில்லை. அறையைச் சுற்றி நடந்தேன். பிறகு எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றைச் செய்தேன். கேள்வியே கேட்காமல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பாலுவின் வாயில் வைத்தேன். மென்றது. வலது பக்கமாகவே மென்றது. நான் வாயே திறக்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. மெல்லுவது நின்று கொஞ்ச நேரம் கழித்து, இடது தாடையில் குத்து விழுந்தது.

"எட்வின், இதுக்கு வலிக்குமா?"

"என்னங்க்கா நீங்க. மோட்டாருக்கு எங்கெ வலிக்கும்?"

"அப்ப ஏன் குத்துது?"

"அதுக்கு ஏன்னெல்லாம் தெரியாதுங்க. ரெண்டு வருச வீடியோவையும் காட்டியிருக்காங்க. எதுக்கப்புறம் எது வருதுன்னு அதுவாப் புடிச்சுக்கிச்சு. அந்தப் பையன் இனிப்புத் தின்னாக் கொஞ்ச நேரத்துல குத்தியிருக்கான். இதுவும் குத்துது. அவ்வளவுதான்."

"இது யாருக்காச்சும் தெரியுமா?"

"யாரும் கேக்கலீங்களே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல். இடது பக்கப் பல். வலது பக்கமாக மெல்லும் பிள்ளை. வாயைத் திறந்து சிரிக்காத பிள்ளை. நல்ல பதில் சொல்லச் சொல்ல, நாங்கள் எல்லோரும் அன்பாக அவன் வாயில் கடலை மிட்டாயை வைத்திருக்கிறோம். பிறகு அவன் வலியில் குத்திக்கொண்டபோது சுவரைப் பார்த்திருக்கிறோம்.

பல் டாக்டரிடம் முன்பே ஒருமுறை போயிருந்தோம். வாயைத் திறக்கவே இல்லை. மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும் என்றார். பிறகு மையத்தின் அறிக்கையைப் படித்துவிட்டு, "இது பல் சமாச்சாரம் இல்லைங்க, நடத்தைன்னு போட்டிருக்குது. இதுக்குப் போயி புள்ளைக்கு மயக்க ஊசி போட வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அறிக்கையை மாற்றி எழுதக்கூடியவர் பிரமிளா ஒருவர்தான்.

அவர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். முகம் இறுகியது.

"தாரணி, நாங்க குத்தறதுக்குச் சரியா முன்னால என்ன நடந்துச்சுன்னுதான் குறிப்போம். உலகம் பூரா அதுதான் முறை. அந்த எடத்துல மிட்டாய் இல்லை. பாடம்தான் இருக்குது."

"மிட்டாய் அதுக்கும் முன்னால இருக்குதுங்க."

"சரி. கண்டுகொள்ளாம விட்டப்ப குறைஞ்சுதே? அது எப்படி? பல்வலின்னா குறையுமா?"

"யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான் மேடம். வலி குறையலை. சொல்றதைக் குறைச்சுக்கிட்டான். அப்புறம் தாங்க முடியாமப் போயி மறுபடி ஆரம்பிச்சிருக்கான்."

பிரமிளா மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். நான் தொடர்ந்தேன். எனக்கு நிறுத்தத் தெரியாது.

"குத்தினா ஆள் வருதுன்னு எழுதியிருக்கீங்க. வந்த ஆள் நான்தானுங்க. அவன் குத்திக்கிட்டப்பெல்லாம் வகுப்பறைக் கண்ணாடிக்கு வெளிய இருந்து ஓடியாந்தேன். நான் ஓடியாந்ததையே சாட்சியா வெச்சு, இவன் அம்மா வர்றதுக்காகத்தான் குத்தறான்னு எழுதிட்டீங்க."

"உங்க பரீட்சையை இப்பவே வெச்சுக்கலாம்" என்றார் பிரமிளா திடீரென்று எழுந்து. "வாங்க. நான் கண்ணால பார்க்கணும்."

நீல டப்பாவை நானே எடுத்து வெளியே வைத்தேன். சீப்பை வைத்துக்கொண்டு பாடம் முழுவதும் நடத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டே பார்த்தார். பாலு ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை. இவ்வளவு நன்றாக அது பாடம் படித்து நான் பார்த்ததே இல்லை. முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது. 'நடத்தை நிகழவில்லை. கண்டுகொள்ளாமையை மதிப்பிட முடியவில்லை. தேர்ச்சி இல்லை.'

குழந்தை குத்திக்கொள்ளாவிட்டால் ஆசிரியருக்கு மதிப்பெண் கிடையாது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிரமிளா உள்ளே வந்தார். பாலுவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு ரப்பர் துண்டை அதன் வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. பேசாமல் காத்திருந்தார். குத்து விழுந்தபோது அவர் சுவரைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் அதை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

"பல் ஆஸ்பத்திரி நெம்பர் குடுங்க. நானே பேசறேன்" என்றார். "அறிக்கையும் மாத்தித் தர்றேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்."

செந்தூரனுக்கு மயக்கம் கொடுத்து வாயைத் திறந்தபோது, இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டும் உள்ளே சொத்தையாகி, வேருக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. டாக்டர் வெளியே வந்து, "எப்படித் தாங்கினான்னு தெரியலைங்க" என்று மட்டும் சொன்னார். பூபதி வராண்டாவில் எல்லோரும் பார்க்க அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நல்லவர்கள்மேல் கோபப்படுவது மிகக் கஷ்டமான வேலை.

பற்களைப் பிடுங்கி, வீக்கம் வடிந்த பிறகு குத்து நின்றது. முதலில் நம்பவில்லை. தொப்பென்று எந்தச் சத்தம் கேட்டாலும் நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கதவாக இருக்கும். குத்து நின்றதால், சான்றிதழ் இல்லாமலேயே விடுதித் தேதி ரத்தானது. நான் செந்தூரனுக்குப் புதிதாக ஒரு அட்டை செய்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கிற ஒரு குழந்தையின் படம். வலி. மையத்தில் கற்றுக்கொடுத்த அதே முறையில்தான் பழக்கினேன். முள் குத்தினால், சூடு பட்டால், விழுந்தால், அட்டையை எடு, ஒருவர் கையில் வை. உடனே ஓடிவந்து கவனித்தோம். அதுதான் அவனுக்குப் பரிசு. டம்ளர் அட்டையை விட வேகமாக இதைக் கற்றுக்கொண்டான்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. எத்தனை ஊர்களில் எத்தனை பாலுக்கள் மிட்டாயைத் தின்றுவிட்டுக் குத்திக்கொண்டிருக்கின்றன, எத்தனை ஆசிரியர்கள் சுவரைப் பார்த்துத் தேறி, வெளியே போய் நிஜப் பிள்ளைகளிடம் அதையே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. பிரமிளாவைப் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நேரில் வரச் சொன்னார். செந்தூரனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"மேலிடத்துல பேசிட்டேன்" என்றார் வரவேற்பறையில். ஆள் இளைத்திருந்தார். "அடுத்த பதிப்புல பாலு குத்திக்கறதையே எடுத்துடறோம்னு சொல்றாங்க."

"அதை எடுத்துட்டா? பொம்மை குத்தாது. புள்ளைக குத்திக்கறது நின்னுருமா? குத்தட்டும் மேடம். குத்தினா வாயைத் திறந்து பாருன்னு சொல்லிக் குடுங்க. அதுக்கு மார்க்குப் போடுங்க."

"ஏற்கெனவே தேறினவங்க எல்லாரும் தப்பாத் தேறினாங்கன்னு ஆயிருமாம். அதனால ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதுவரைக்கும் பழைய முறைதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் கையில் செந்தூரனின் கை இல்லை.

பரீட்சை அறையின் கதவு திறந்திருந்தது. ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு இளம் ஆசிரியை உள்ளே பரீட்சையில் இருந்தாள். பாலு குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். கண் சுவிட்சின்மேல், கை மடியில். செந்தூரன் அவளைத் தாண்டிப் போய், பாலுவின் எதிரே நின்று, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையை அதன் கன்னத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே வைத்தான். அப்பா தனக்கு வைப்பது போல.

இரண்டு குத்து அவன் கையில் விழுந்தது. பிறகு பாலு அந்தக் கையின்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. அந்த வீடியோக்களில் எங்கோ, யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று முடிவாவதற்கு முன்னால், நானும் அப்படி ஓடிப்போய்க் கையை வைத்திருக்கிறேன்.

செந்தூரன் மற்றக் கையால் இடுப்பில் அட்டைகள் கோத்திருந்த வளையத்திலிருந்து ஒன்றை உருவி, அந்த ஆசிரியையின் உள்ளங்கையில் வைத்தான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'தவறு. கவனம் கொடுக்கப்பட்டது. தேர்ச்சி இல்லை.'

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். வாசலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"தம்பிக்கு எங்க வலிக்குதுங்க?"

"அவனுக்கு இல்லைங்க" என்றேன்.

அவள் பாலுவின் பக்கம் திரும்பி, அதன் தாடையை மெதுவாகப் பிடித்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். திரை மறுபடியும் தவறு என்றது. என் பின்னால் நின்ற பிரமிளா கையை நீட்டி, வாசலோரம் இருந்த சுவிட்சைத் தட்டித் திரையை அணைத்தார்.